இணையம் அறுந்த 12 நிமிடங்கள்

சென்ற மாதம் பொறியியல் ஆசிரியர்களுக்கான ஐந்து நாள் மேம்பாட்டுப் பயிற்சியொன்றில் குறிப்பெடுக்கும் பணி எனக்கு வாய்த்தது. பொறியியல் கல்வியில் புதிய தொழில்நுட்பங்களையும் கற்பித்தல் முறைகளையும் பயன்படுத்துவது குறித்த பயிற்சி அது. திறன்பலகை, மெய்நிகர் ஆய்வகம், கைப்பேசிவழி வாக்கெடுப்பு, காணொளியை வீட்டில் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் கணக்குச் செய்யும் 'தலைகீழ் வகுப்பறை', வினாத்தாள் தயாரித்துத் தரும் செயற்கை நுண்ணறிவு என ஒவ்வொன்றுக்கும் ஓர் அமர்வு. நிறைவு நாளன்று என் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தேன். 'மொழி' என்னும் சொல் வந்த இடங்களிலெல்லாம் அதற்கு முன்னால் 'பைத்தான்' என்றோ 'சி' என்றோ இருந்தது. மாணவர் எந்த மொழியில் சிந்திக்கிறார், எந்த மொழியில் வாய் திறக்க அஞ்சுகிறார் என்னும் கேள்வி ஐந்து நாளிலும் எவருக்கும் எழவில்லை.

மொழியியல் படித்தவளுக்கு இதைத் தவிர வேறென்ன தோன்றும், காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று நீங்கள் நினைக்கலாம். என் முனைவர் பட்ட ஆய்வே பொறியியல் வகுப்பறைகளின் பேச்சைப் பற்றியது என்பதால் அந்தக் குற்றச்சாட்டை மறுப்பதற்கில்லை. ஆயினும் நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

தில்லியை அடுத்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில், அனைவரின் இசைவோடும், ஒரு பருவம் முழுவதும் கடைசி வரிசையில் ஒலிப்பதிவுக் கருவியுடன் அமர்ந்திருந்தேன். பொருள்களின் வலிமை பற்றிய வகுப்பு. 60 மாணவர். பெரும்பாலோர் உத்தரப் பிரதேசம், பீகாரைச் சேர்ந்தவர்கள். பள்ளியில் இந்திவழி படித்தவர்கள் அவர்களில் கணிசம். ஆசிரியர் நல்லவர்; உழைப்பாளி. புதிய முறைகளை மெய்யாகவே நம்பியவர். ஒருநாள் திறன்பலகையில் ஒரு வினா ஒளிர்ந்தது. ஒரே நீளமுள்ள இரண்டு எஃகுக் கம்பிகள். ஒன்றின் குறுக்குவெட்டுப் பரப்பு மற்றதைப் போல் இருமடங்கு. இரண்டிலும் ஒரே அளவு எடை தொங்குகிறது. எதில் 'ஸ்ட்ரெஸ்' அதிகம்? மாணவர்கள் கைப்பேசியில் வாக்களித்தார்கள். பலகையில் வண்ணப் பட்டைகள் உயர்ந்தன. பெரும்பாலோர் சரியான விடையைத் தேர்ந்திருந்தார்கள்: மெல்லிய கம்பி. ஆசிரியர் மகிழ்ந்தார். ஏன் என்று பக்கத்தில் இருப்பவரோடு விவாதியுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். என் பதிவில் அடுத்த ஒன்றரை நிமிடம் மின்விசிறியின் ஓசை மட்டுமே இருக்கிறது.

அடுத்த வினாவுக்குச் செல்லும்போது கல்லூரியின் வைஃபை அறுந்தது. ஆசிரியர் ஆய்வக உதவியாளரைத் தேடி வெளியே போனார். திரும்பிவர 12 நிமிடம் ஆயிற்று. அந்த 12 நிமிடத்தில்தான் அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த பாடம் நடந்தது.

எனக்கு முன்வரிசை மாணவன் பக்கத்தில் இருந்தவளிடம், "மோட்டா வாலா தார் ஜ்யாதா ரோகேகா" என்றான். பருத்த கம்பி அதிகமாகத் தடுக்கும், அப்படியிருக்க அதில்தானே ஸ்ட்ரெஸ் அதிகம் இருக்க வேண்டும், சூத்திரம் ஏன் வேறு மாதிரி சொல்கிறது என்பது அவன் கேள்வி. வாக்கெடுப்பில் அவன் சரியான விடையைத்தான் அழுத்தியிருந்தான். பரப்பு கீழே இருக்கிறது, ஆகவே குறையும் என்ற அளவில். அவள் சற்று யோசித்தாள். பிறகு, ஊரில் கட்டில் தூக்குவதைச் சொன்னாள். ஒரே கட்டிலை இரண்டு பேர் தூக்கினால் தோள் கடுக்கும். நான்கு பேர் தூக்கினால் அவ்வளவு கடுக்காது. கட்டிலின் எடை மாறவில்லை. கம்பி மொத்தமாகத் தாங்குவதும் அதே எடைதான், மெல்லியதானாலும் பருத்ததானாலும். ஸ்ட்ரெஸ் என்பது ஒரு தோளின் பங்கு. அவன், "அப்படியானால் பருத்த கம்பி நீள்வதும் குறைவாகத்தான் இருக்கும்" என்றான். அது அடுத்த வினாவின் விடை. இன்னும் திரைக்கே வராத வினா.

ஆசிரியர் திரும்பி வந்தார். இணைப்பும் வந்தது. ஐயம் ஏதும் உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அமைதி. அந்தப் பெண்ணையே சுட்டி, காரணத்தைச் சொல்லச் சொன்னார். அவள் எழுந்து நின்று ஆங்கிலத்தில் சொன்னது இவ்வளவே: தகைவு பரப்புக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். பிழையில்லாத வாக்கியம். அதில் கட்டிலும் இல்லை, தோளும் இல்லை. ஆசிரியர் 'வெரி குட்' என்று சொல்லி மேலே சென்றார்.

புதிய கற்பித்தல் முறைகளின் உயிர் எங்கே இருக்கிறது என்று அறிய, அவை எப்படித் தோன்றின என்று பார்ப்பது உதவும். ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர், தம் மாணவர்கள் கடினமான கணக்குகளைப் போட்டுவிட்டு எளிய கருத்து வினாக்களில் தடுமாறுவதைக் கண்டு திகைத்தார். அத்தகைய வினாத்தாளைப் பெற்ற ஒரு மாணவி, நீங்கள் கற்பித்தபடி விடை எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாள் என அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அதன்பின் 1991 முதல் அவர் வளர்த்தெடுத்த முறை எளிமையானது. ஒரு வினா, தனியே யோசித்து ஒரு வாக்கு, பக்கத்தில் இருப்பவரோடு விவாதம், மீண்டும் ஒரு வாக்கு. முதல் வாக்கில் ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டினர் சரியாகச் சொன்னால் விவாதத்துக்கு விடுவது பயனுள்ளது என்பது வழக்கில் உள்ள நெறி. இரண்டு வாக்குகளுக்கும் நடுவே இருக்கும் பேச்சுதான் அந்த முறை. வாக்களிக்கும் கருவி அதன் ஓரம்.

இதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். கனடாவில் நத்தானியேல் லாஸ்ரி என்பவர், ஒரு பிரிவுக்கு மின்னணு கிளிக்கரும் மற்றொரு பிரிவுக்கு எழுத்து அட்டைகளும் கொடுத்து ஒரே முறையில் கற்பித்தார். கருத்தைக் கற்றதில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2008இல் எழுதினார். 2009இல் கொலராடோ பல்கலைக்கழக மரபியல் வகுப்பில் நடந்த ஆய்வு இன்னும் சுவையானது. குழுவில் ஒருவருக்குமே முதலில் விடை தெரியாதபோதும், பேசிய பிறகு, அதே கருத்தைச் சோதிக்கும் புதிய வினாவில் அவர்கள் தேறினார்கள். 2014இல் ஸ்காட் ஃபிரீமன் குழுவினர் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்கள் தொடர்பான 225 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் தோல்வி சராசரியாக 33.8 விழுக்காடு, மாணவர் தாமே செயல்பட்டுக் கற்ற வகுப்புகளில் 21.8 விழுக்காடு.

இந்த ஆய்வுகளில் மிகப் பல, மாணவரும் ஆசிரியரும் பாடநூலும் ஏறத்தாழ ஒரே மொழி பேசும் வகுப்பறைகளில் நடந்தவை. 'பக்கத்தில் இருப்பவரோடு பேசு' என்று அங்கே சொன்னால் அவர்கள் பேசுவார்கள். நாம் கருவியையும் முறையின் பெயரையும் இறக்குமதி செய்துகொண்டு, 'வகுப்பறையில் ஆங்கிலம் மட்டுமே' என்ற அறிவிப்புக்குக் கீழே அதை நடத்துகிறோம். நடுவே இருக்க வேண்டிய பேச்சு உருவப்பட்டுவிடுகிறது. இரண்டு வாக்கெடுப்புகளும் வண்ணப் பட்டைகளும் எஞ்சுகின்றன. அவற்றை ஒளிப்படம் எடுத்து, இடக்குறியிட்டு, தரமதிப்பீட்டுக் கோப்பில் 'புதுமையான கற்பித்தல் முறைகள்' என்ற தலைப்பின்கீழ்ச் சேர்த்துவிடுகிறோம். (இதைப் படிக்கும் கல்லூரி ஆசிரிய நண்பர்கள் சினங்கொள்ள வேண்டாம். அந்தக் கோப்புகளுக்காக நள்ளிரவு வரை விழித்திருப்பவர்கள் நீங்கள்தான் என்பதை அறிவேன்.)

என் தம்பியின் கதையையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். அவன் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழி படித்தான். பிறகு எங்கள் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் இயந்திரப் பொறியியல். மூன்றாம் பருவத்தில் விழுந்த அரியர் பட்டியலில் பொருள்களின் வலிமையும் ஒன்று. வீட்டில் அவனைத் திட்டியவர்களில் நானும் ஒருத்தி. இப்போது கோவையில் பம்பு தயாரிக்கும் ஆலையொன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறான். என் பதிவிலிருந்த கட்டில் கதையைத் தொலைபேசியில் அவனுக்குச் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அக்கா, தகைவுதான் ஸ்ட்ரெஸ்னு எனக்கு அந்த செமஸ்டர் முடிஞ்சப்புறம் ஒரு சீனியர் சொல்லித்தான் தெரியும். பிளஸ் ஒன்ல அந்தக் கணக்கெல்லாம் நான்தான் போர்டுல போடுவேன்" என்றான்.

அவன் அறியாததைக் கற்பிக்கத் தவறினார்கள் என்றால்கூட எனக்கு இவ்வளவு வலித்திராது. அறிந்ததை அறிந்தான் என்று அவனுக்கே தெரியாமல் செய்துவிட்டார்கள். தகைவு, திரிபு, யங் குணகம், ஹூக் விதி எல்லாம் பதினோராம் வகுப்புத் தமிழ்வழி இயற்பியலில் இருப்பவை. 'இதைத்தான் நீங்கள் தகைவு என்று படித்தீர்கள்' என்ற ஒரு வாக்கியத்துக்கு எத்தனை விநாடி ஆகும்?

அந்தச் சொற்களும் வெறும் ஒட்டுச் சொற்கள் அல்ல. ஆங்கிலத்தின் அன்றாட வழக்கில் ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின் இரண்டும் ஏறத்தாழ ஒரு பொருள் தருபவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ராங்கின் போன்ற பொறியியலாளர்கள் அவற்றை வலிந்து பிரித்து வரையறுத்தார்கள். தமிழில் அந்தத் தொல்லையே இல்லை. தகைத்தல் என்றால் தடுத்தல்; புறவிசையை எதிர்த்துப் பொருளுக்குள் எழுவது தகைவு. திரிதல் என்றால் வடிவம் மாறுதல். புணர்ச்சி இலக்கணத்தில் தோன்றல், திரிதல், கெடுதல் என்று பள்ளியிலேயே படித்த அதே திரிதல். இந்தியிலும் இப்படித்தான். பிரதிபல் என்றால் எதிர்விசை, விக்ருதி என்றால் உருமாற்றம். நம் மாணவர் பள்ளியிலிருந்து கொண்டுவரும் சொற்களில் பொருள் வெளியே தெரிகிறது. கல்லூரி வாசலில் அவற்றை இறக்கி வைத்துவிட்டு வரச் சொல்கிறோம்.

ஆயினும் சொல்லை மட்டும் நம்பினால் அதுவும் கவிழ்த்துவிடும். அந்த முன்வரிசை மாணவனின் குழப்பம் எதிலிருந்து வந்தது? தடுத்தல் என்ற பொருளிலிருந்துதான். தகைவு என்று படித்த தமிழ் மாணவனும், பருத்த கம்பி அதிகம் தடுக்கும், ஆகவே தகைவு அதிகம் என்று நினைக்கக்கூடும். 'ஓரலகு பரப்புக்கு' என்ற பகுதி சொல்லுக்குள் இல்லை. அதை நிரப்பியது கட்டில் தூக்கிய பேச்சு. எனவே கலைச்சொல் அகராதி வெளியிட்டால் போதும் என்று வாதிடுவோரிடமும் எனக்கு முழு உடன்பாடில்லை.

நம் அரசுகள் மொழி குறித்து ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டுமானப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. 2023இல் உறுப்புக் கல்லூரிகளில் அவற்றை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. 2021இல் எட்டு மாநிலங்களைச் சேர்ந்த 14 கல்லூரிகள் தமிழ், இந்தி, தெலுங்கு, மராத்தி, வங்காளம் ஆகிய ஐந்து மொழிகளில் பொறியியல் கற்பிக்கத் தொடங்கும் என்று நடுவணரசு அறிவித்தது. பாடநூல்களைப் பெயர்க்க மொழிபெயர்ப்புக் கருவியும் வந்தது. அதே ஆண்டிலிருந்து ஜேஇஇ முதன்மைத் தேர்வை 13 மொழிகளில் எழுதலாம். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு பொறியியலுக்கும் விரிந்தது. வாசல் வரை தாய்மொழி வருகிறது. உள்ளே இரண்டே வழிதான்: முழுக்க ஆங்கிலம், அல்லது முழுக்கத் தாய்மொழி. வேலைவாய்ப்பு நேர்காணலை நினைத்து அஞ்சும் பெற்றோர் எதைத் தேர்வார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த அச்சத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன். என் வீட்டிலும் அது இருந்தது.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது என்பதே நான் சொல்ல வருவது. பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கட்டும். தேர்வும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். விவாதத்துக்கு ஒதுக்கும் ஐந்து பத்து நிமிடத்தில், யாரோடு எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசலாம் என்று ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லட்டும். வேல்ஸ் நாட்டில் 1990களில் கென் வில்லியம்ஸ் என்பவர், ஒரு மொழியில் படித்து இன்னொரு மொழியில் வெளிப்படுத்தும் வகுப்பறைப் பழக்கத்துக்குத் தம் மொழியில் ஒரு பெயர் வைத்தார். இன்று மொழியியலில் அது ஒரு பெருந்துறை. நம் ஊரில் இது வேறு பெயரில் ஏற்கனவே நடப்பதுதான். தேர்வுக்கு முந்தைய இரவு, விடுதி அறையில், நன்றாகப் படிக்கும் ஒருவன் நடுவில் அமர்ந்து பத்துப் பேருக்குத் தமிழில் பாடம் சொல்வான். அந்த இரவை வகுப்பறைக்குள் பட்டப்பகலில் கொண்டுவரச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

தொழில்நுட்பத்தை இந்த வகையில் பயன்படுத்தியதற்கு ஒரு நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. ஐஐடி பம்பாயில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய 'ஸ்போக்கன் டுடோரியல்' காணொளிகளில் திரையில் தெரியும் மென்பொருள் ஆங்கிலத்திலேயே இருக்கும். விளக்கும் குரல் மட்டும் தமிழிலோ, இந்தியிலோ, அசாமியிலோ இருக்கும். வேலைக்குப் போகும் இடத்தில் காணப்போகும் திரையே கண்முன்னால். புரிந்துகொள்ளும் மொழி காதில். கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று என்று பிரித்த அந்த எளிய முடிவு, பல கோடி ரூபாய்த் திறன்பலகைகளைவிட எனக்கு மதிப்புள்ளதாகத் தெரிகிறது. அதே ஐஐடியில் தொடக்கநிலை நிரலாக்க வகுப்பொன்றில் 'எண்ணு, இணை, பகிர்' முறையை ஆராய்ந்து, சராசரியாக 83 விழுக்காட்டு மாணவர் அதில் ஈடுபட்டிருந்ததாக 2013இல் வெளியிட்டார்கள். படித்தபோது எனக்கு ஒரே ஏக்கம்: அவர்கள் எந்தெந்த மொழியில் பேசினார்கள்?

எதிர்ப்பாகச் சொல்லப்படுபவற்றில் மூன்று அடிக்கடி காதில் விழுகின்றன. பல மாநில மாணவர் இருக்கும் வகுப்பில் எந்த மொழியை அனுமதிப்பது என்பது ஒன்று. இருவர் பேசுவதற்கு வகுப்பு முழுவதற்கும் பொதுவான மொழி தேவையில்லை. அந்த இருவருக்கும் பொதுவானது போதும். அப்படிப் பொதுமொழி இல்லாத இருவர் இருந்தால் அவர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளட்டும். ஆசிரியருக்கு அந்த மொழி தெரியாவிட்டால் எப்படிச் சரிபார்ப்பது என்பது இரண்டாவது. சரிபார்க்கத்தான் இரண்டாம் வாக்கெடுப்பு இருக்கிறதே. வண்ணப் பட்டைகளுக்கு அங்கேதான் மெய்யான வேலை.

மூன்றாவது எதிர்ப்பு கனமானது: இப்படிப் பழகினால் ஆங்கிலம் எப்போது வரும்? நான் முதலாண்டு மாணவருக்கு ஆங்கிலத் தொடர்புத்திறன் வகுப்பில் உதவி ஆசிரியையாக மூன்றாண்டுகள் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். சொல்வதற்கு ஒன்று இருப்பவருக்கு மொழி வந்து சேர்ந்துவிடும். தோள், கட்டில், பங்கு என்று தெளிந்துவிட்ட பெண்ணுக்கு அதை ஆங்கிலத்தில் சொல்ல நான்கு சொற்கள் தேவை. அவற்றை நான் கொடுத்துவிட முடியும். தெளியாதவருக்கு நான் நாற்பது சொற்கள் கொடுத்தாலும் அவர் சூத்திரத்தைத்தான் ஒப்பிப்பார். ஆங்கிலத்தில் அமைதியாக இருப்பது ஆங்கிலப் பயிற்சி ஆகாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. அந்த வகுப்பு மாணவர் சிலர் தம் கைப்பேசியைக் காட்டினார்கள். இரவு ஒரு மணிக்கு, ரோமன் எழுத்தில் இந்தியைத் தட்டி, சாட்ஜிபிடியிடம் கேட்டிருக்கிறார்கள், ஸ்ட்ரெஸ்ஸுக்கும் பிரஷருக்கும் என்ன வேறுபாடு என்று. வகுப்பில் ஒரு பருவம் முழுவதும் வாய் திறக்காத மாணவன் இயந்திரத்திடம் அடுக்கடுக்காக ஏழு கேள்வி கேட்டிருந்தான். அது சிரிக்காது, உச்சரிப்பைத் திருத்தாது, என்பதனால். விடைகளும் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. ஏழாவது கேள்வியைப் படித்தபோதுதான், முதல் கேள்வியே அவனுக்குத் தெளியவில்லை என்று எனக்குப் புரிந்தது. இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் அழகாக விடை சொல்லிக்கொண்டே போயிருந்தது. பக்கத்தில் ஒருத்தி இருந்திருந்தால் இரண்டாவது கேள்வியிலேயே, "பொறு, நீ எதைத் தடுத்தல் என்கிறாய்?" என்று கேட்டிருப்பாள்.

பருவம் முடிந்ததும் அந்த 12 நிமிட ஒலிப்பதிவை, பேசிய இருவரின் இசைவையும் பெற்று, ஆசிரியருக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை கேட்டார். கட்டில் பகுதியை மூன்றாம் முறையும் கேட்டார். அவரும் கோரக்பூர்ப் பக்கத்து இந்திவழிப் பள்ளியில் படித்தவர்தான் என்பதை அன்றுதான் சொன்னார். அடுத்த பருவத்தில் இந்தியில் விவாதிக்க விடுவதற்குத் தமக்கு விருப்பம்தான், ஆனால் அது விதிக்கு முரணாகாது என்று எவரேனும் எழுதித் தந்தால் நல்லது என்றார்.

அதற்காக அந்தக் கல்லூரியின் கையேட்டையும் துறையின் சுற்றறிக்கைகளையும் அவரோடு அமர்ந்து ஒருநாள் முழுவதும் புரட்டினேன். பயிற்றுமொழி ஆங்கிலம் என்று ஓரிடத்தில் இருக்கிறது. மாணவர் தமக்குள் எந்த மொழியில் பேச வேண்டும் என்று எங்கும் இல்லை. இருப்பது வகுப்பறைக் கதவுக்கு மேல் ஒட்டிய ஒரு தாள் மட்டும். அதில் கையொப்பமும் இல்லை, தேதியும் இல்லை.